பல்கனிச் சலாதும் ஏழு மூல் தண்ணீரும்

மண்ணில்லாமல், சத்துக் கரைசலில் நான் வளர்க்கும் சலாது. மூன்றாவது கிழமை முடிவில் அதன் அடியிலைகளில் மஞ்சள் விழுந்தது. நரம்புகள் பச்சையாகவே இருந்தன. நரம்புகளுக்கு இடைப்பட்ட சதை மட்டும் வெளிறி, ஒவ்வொரு இலையும் மீன் முள்ளு மாதிரித் தெரிந்தது. மேலே குருத்து நல்ல பச்சை. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், மூன்றாம் மாடிப் பல்கனி எங்களுடையது. பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, "கடற்காத்துத் தம்பி, இங்க ஒண்டும் வராது" என்றார். நானும் ஒரு நாள் அதை நம்பினேன். ஆனால் உப்புக் காற்று இலையின் ஓரத்தைத்தான் கருக்கும். நரம்பை விட்டுவிட்டு இடையை மட்டும் தேடிப் போய்த் தின்னாது. அதுவும் அடியிலைகளை மட்டும் தெரிந்தெடுக்காது.

அடியிலை முதலில் மஞ்சளானால், செடி அங்கிருந்து எதையோ கழற்றிக் குருத்துக்குக் கொண்டுபோகிறது என்று அர்த்தம். இரும்போ கல்சியமோ அப்படி இடம் மாறாது, அவை குறைந்தால் குருத்தில்தான் தெரியும். நைதரசன் குறைந்தால் நரம்பும் சேர்ந்து முழு இலையுமே வெளிறும். நரம்பு பச்சையாக, இடை மஞ்சளாக, அடியிலையில் தொடங்கினால் பெரும்பாலும் மகனீசியம். ஆனால் மகனீசியம் நான் போட்டிருந்தேனே. கணக்குப் பார்த்து, தசம தானம் வரை நிறுத்துப் போட்டிருந்தேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 20 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. மூடியில் துளை, துளையில் தும்புத்தூள் நிரப்பிய சின்னக் கிண்ணம், உள்ளே மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பு. ஒன்றில் சலாது, ஒன்றில் கங்குன், ஒன்றில் புதினா. இங்கே மண்ணில்லாமல் செடி வளர்க்கிற பெரும்பாலானோர் அல்பர்ட் கரைசல் என்ற ஆயத்தச் சத்துக் கலவைத் தூளை வாங்கிக் கரைத்து ஊற்றுவார்கள். அது நன்றாகவே வேலை செய்யும், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எனக்குத்தான் அடங்காத ஆசை: உள்ளே என்ன போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும்.

அதனால் பழைய ஹோக்லண்ட் கரைசலை எடுத்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஹோக்லண்டும் டானியேல் ஆர்னனும் 1938இல் வெளியிட்டு, 1950இல் திருத்திய கலவை. அதில் எனக்குப் பிடித்தது, எல்லாம் மூல் கணக்கில் வட்ட எண்களாக வருவது. மூல் என்பது நிறையால் அல்ல, துகள்களின் எண்ணிக்கையால் அளக்கும் அலகு; மில்லிமூல் அதில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு லீற்றரில் கல்சியம் நைத்திரேற்று 5 மில்லிமூல், பொற்றாசியம் நைத்திரேற்று 5, பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 1, மகனீசியம் சல்பேற்று 2. நைதரசனை எண்ணிப் பாருங்கள்: கல்சியம் நைத்திரேற்றில் இரண்டு நைத்திரேற்று, அதனால் 10; பொற்றாசியம் நைத்திரேற்றில் 5; மொத்தம் 15 மில்லிமூல். நைதரசனின் அணுத்திணிவு 14ஆல் பெருக்கினால் லீற்றருக்கு 210 மில்லிகிராம். கல்சியம் 5 × 40 = 200. மகனீசியம் 2 × 24.3 = 48.6. விரல்விட்டு எண்ணலாம்.

சலாதுக்கு இதில் பாதிச் செறிவு போதும். ஒவ்வொரு முறையும் கிராம் கிராமாக நிறுக்க முடியாதென்பதால், 200 மடங்கு செறிந்த தாய்க்கரைசலாக, ஒவ்வொன்றும் ஒரு லீற்றர், இரண்டு போத்தல். ஒவ்வொன்றிலும் இருந்து லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு பெட்டிக்கு 100 மில்லி ஊற்றினால் முடிந்தது. முதலாம் போத்தலில் கல்சியம் நைத்திரேற்று 0.5 மூல். இரண்டாம் போத்தலில் பொற்றாசியம் நைத்திரேற்று 0.5 மூல், பொசுபேற்று 0.1 மூல், மகனீசியம் சல்பேற்று 0.2 மூல். மூலர்த்திணிவால், அதாவது ஒரு மூல் உப்பின் நிறையால், பெருக்கினேன். பொற்றாசியம் நைத்திரேற்று 0.5 × 101.10 = 50.55 கிராம். பொசுபேற்று 0.1 × 136.09 = 13.61 கிராம். மகனீசியம் சல்பேற்று 0.2 × 120.37 = 24.07 கிராம்.

இந்தக் கடைசி வரியில்தான் பிழை. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள்.

நான் சிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. அக்காவின் மகன் உயர்தரம் இரண்டாம் வருடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நான் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தான்.

"மாமா, இது எந்த மகனீசியம் சல்பேற்று?"

"எந்த எண்டால்? எப்சம் உப்பு. பாமசியில வாங்கினது."

"அப்ப ஏன் 120? எப்சத்தில ஏழு தண்ணி இருக்கெல்லோ."

ஏழு மூல் பளிங்கு நீர், அதாவது உப்பின் பளிங்குக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் தண்ணீர். 7 × 18.015 = 126.1. அதையும் கூட்டினால் மூலர்த்திணிவு 246.47. எப்சம் உப்பில் பாதிக்கு மேல், 51.2 சதவீதம், வெறும் தண்ணீர். நான் 24.07 கிராம் நிறுத்தபோது அதில் 12 கிராமுக்கு மேல் தண்ணீரைத்தான் தராசில் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டது 0.2 × 246.47 = 49.29 கிராம். போனது 0.0977 மூல். பெட்டியில் லீற்றருக்கு 1 மில்லிமூல் இருக்க வேண்டிய இடத்தில் 0.488.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஈசி மானி, கரைசலின் கடத்துதிறனை அளக்கும் பேனை மாதிரிக் கருவி, ஆரம்பத்தில் 1.2 காட்டியது. பாதி ஹோக்லண்டுக்கு நான் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட அதேதான். மகனீசியம் பாதியானால் மானி குறைத்துக் காட்டியிருக்க வேண்டாமா?

கல்சியம் நைத்திரேற்றுப் பையை எடுத்து வந்தோம். அதை நிறுக்கும்போது மட்டும் பளிங்கு நீரை மறக்காமல் போட்டிருந்தேன்: நான்கு மூல் நீருடன் 236.15, அதில் பாதி 118.08 கிராம். பையின் பின்பக்கத்தில் நைதரசன் 15.5 சதவீதம் என்று இருந்தது. மருமகன் தொலைபேசியில் கணக்குப் போட்டான். நான்கு நீருடன் இருக்கும் கல்சியம் நைத்திரேற்றில் நைதரசன் 28.01ஐ 236.15ஆல் வகுத்தால் 11.9 சதவீதம்தான். 15.5 எங்கேயிருந்து வந்தது?

உரக்கடையில் மணிமணியாக வரும் கல்சியம் நைத்திரேற்று ஆய்வுகூடத்துச் சாமான் அல்ல. அது ஒரு இரட்டை உப்பு: ஐந்து கல்சியம் நைத்திரேற்றுக்கு ஒரு அமோனியம் நைத்திரேற்று, கூடவே பத்து நீர். எல்லாம் சேர்த்து 1080.6. அதில் 12 நைதரசன் அணு, 168.1, வகுத்தால் 15.55 சதவீதம். பையோடு பொருந்துகிறது. ஒரு மூல் கல்சியம் வேண்டுமென்றால் 1080.6ஐ ஐந்தால் வகுத்து 216.1 கிராம், அரை மூலுக்கு 108.1. நான் போட்டதோ 118. ஒன்பது சதவீதம் கூட. போதாததற்கு நான் கணக்கில் எடுக்காத அமோனியமும் உள்ளே போயிருக்கிறது.

ஆக, ஒரு உப்பு குறைந்தது, இன்னொன்று கூடியது, இரண்டும் சேர்ந்து மானியில் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அந்த மானிக்குத் தெரிந்தது கரைசலில் மின்னைக் கடத்தும் அயன்கள் மொத்தம் எவ்வளவு என்பது மட்டும். எந்த அயன் என்று அதற்குத் தெரியாது. சந்தையில் மொத்த நிறையை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் கத்தரிக்காயா வெண்டிக்காயா என்று சொல்லச் சொன்ன மாதிரி. கல்சியம் கூடினால் வேர் மகனீசியத்தை எடுப்பதும் தடைப்படும். அதனால் இரண்டு பிழையும் ஒரே பக்கம்தான் இழுத்திருக்கின்றன.

கொழும்புத் தண்ணீரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் களனி ஆற்றுத் தண்ணீர் மென்நீர். கல்சியமும் மகனீசியமும் சொற்பம். இதே கலவையை யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரில் கரைத்திருந்தால் என் பிழை கொஞ்சம் மறைந்திருக்கலாம். அங்கே கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். இங்கே பத்து வருடமாக அதே கேத்தல், அடி பளபளக்கிறது. அதோடு செடி தண்ணீர் குடித்து மட்டம் இறங்கியபோதெல்லாம் நான் வெறும் தண்ணீரையே நிரப்பினேன். இருந்த கொஞ்ச மகனீசியமும் மூன்று கிழமையில் கரைந்து போயிற்று.

மருமகன் சொன்னதை நான் நம்பாமலில்லை. ஆனால் பாக்கெட்டில் இருப்பது உண்மையிலேயே ஏழு நீர் உப்புத்தானா என்று கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது. கொழும்பு ஈரத்தில் திறந்து வைத்த பாக்கெட்டில் கூடுதல் தண்ணீரும் ஏறியிருக்கலாமே. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சரியாக 10.00 கிராம் எப்சம் உப்பை நிறுத்து, கேக் அவிக்கும் அவணில் 200 பாகையில் வைத்தோம். (இதை எப்சம் உப்போடு மட்டும் செய்யுங்கள். நைத்திரேற்று உப்புகளை அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.)

முதல் கால் மணித்தியாலத்தில் பளிங்குகள் தங்கள் தண்ணீரிலேயே உருகி, கண்ணாடிக் கஞ்சி மாதிரி ஆகின. பிறகு மெல்லக் கொப்புளித்து மேலே ஒரு தோல் படிந்தது. அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டு நீராவி வெளியேறும்போது சின்னதாக "பொச், பொச்" என்று சத்தம். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கிண்ணத்தில் பொரித்த அப்பளம் மாதிரி வெள்ளையாக, பொருபொருவென்று ஏதோ இருந்தது. ஆறவைத்து நிறுத்தால் 5.68 கிராம்.

மருமகன் முகம் வாடியது. "நீரற்றதெண்டால் 4.88 வரோணும் மாமா."

சரி, கணக்கைத் திருப்பிப் பார்த்தோம். போன தண்ணீர் 10.00 − 5.68 = 4.32 கிராம். 18.015ஆல் வகுத்தால் 0.2398 மூல். உப்பு 10ஐ 246.47ஆல் வகுத்தால் 0.0406 மூல். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 5.91. ஏழு வரவில்லை, ஆறு வந்தது. எங்கள் தராசில் பிழையில்லை. எப்சம் உப்பில் ஆறு நீர் மூலக்கூறு இந்தச் சூட்டுக்குப் போய்விடும். ஏழாவது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற 250 பாகைக்கு மேல் போக வேண்டும், எங்கள் அவண் அவ்வளவு போகாது. ஒரு நீரோடு மிஞ்சும் உப்புக்குக் கணக்கு 5.61 கிராம். 5.68 அதற்கு மிகக் கிட்ட. பாக்கெட் உப்பு நல்ல உப்பு. எனக்கு என்னவோ அந்த 5.91ஐப் பார்த்தபோது வந்த சந்தோசம், சலாது நன்றாக வந்திருந்தாலும் வந்திருக்காது.

இனிப் பெட்டியைத் திருத்த வேண்டும். ஆரம்பக் குறை லீற்றருக்கு 0.512 மில்லிமூல், 20 லீற்றருக்கு 10.2 மில்லிமூல், 246.47ஆல் பெருக்கினால் 2.52 கிராம். ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து மூன்று பெட்டியிலும் தனித்தனியாக ஊற்றியாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரவு பத்து மணிக்கு, மிச்சமிருந்த தாய்க்கரைசலையும் திருத்திவிட்டுப் படுப்போம் என்று எழும்பினேன். இரண்டாம் போத்தலில் 700 மில்லி மிச்சம். அதற்கு இன்னும் 17.65 கிராம் எப்சம் வேண்டும். நிறுத்து, போத்தலில் கொட்டி, மூடிக் குலுக்கினேன். போத்தல் பால் மாதிரி வெளுத்தது. இன்னும் குலுக்கினேன். கரையவில்லை, ஐந்து நிமிடத்தில் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை வண்டல்.

இரண்டும் ஒரே மாதிரித் தண்ணீர்ப் போத்தல். மூடியில் மார்க்கர் பேனையால் எழுதிய 1, 2 ஈரக்கை பட்டு அழிந்திருந்தது. நான் எப்சத்தைக் கொட்டியது கல்சியப் போத்தலுக்குள். இரண்டு போத்தல் வைப்பதே இது நடக்கக்கூடாது என்பதற்குத்தான். கல்சியமும் சல்பேற்றும் செறிவாகச் சந்தித்தால் ஜிப்சமாக வீழ்படிவாகும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஜிப்சம் 2.4 கிராம் அளவுதான் கரையும். நான் கொட்டிய சல்பேற்று முழுவதும் மாறினால் 12 கிராமுக்கு மேல் ஜிப்சம். பொசுபேற்றும் கல்சியத்தோடு இதே வேலையைத்தான் காட்டும். பெட்டிக்குள் 200 மடங்கு ஐதாக்கிய பிறகு இரண்டும் ஒரே தண்ணீரில் சண்டையில்லாமல் இருக்கும். போத்தலுக்குள் முடியாது. 700 மில்லி கல்சியக் கரைசல், முழுக்க நாசம். வடித்துப் பாவிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் வடித்த பிறகு அதில் எவ்வளவு கல்சியம் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. தெரியாத செறிவோடு ஒரு போத்தலை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் கலந்து கீழே தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டேன்.

அடுத்த சுற்றுக்கு முதல் தராசைச் சோதித்தேன். புறக்கோட்டையில் வாங்கிய சட்டைப்பைத் தராசு, 0.01 கிராம் காட்டும், 200 கிராம் வரை தாங்கும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் மேசையில் கிடக்குமே, அதன் ஏழைத் தம்பி. படிக்கல் என்னிடம் இல்லை. ஆனால் பாமசியில் விற்கும் 10 மில்லி ஊசிக்குழாய் இருந்தது. 30 பாகையில் தண்ணீரின் அடர்த்தி 0.9957, ஆகவே 10 மில்லி 9.96 கிராம் காட்ட வேண்டும். ஐந்து தரம் ஊற்றி நிறுத்தேன்: 9.93க்கும் 9.98க்கும் இடையில் நின்றது. எனக்கு அது போதும்.

நுண்சத்துதான் உண்மையான தலையிடி. ஹோக்லண்டின் நுண்சத்துப் போத்தலில் ஒரு லீற்றருக்குச் செப்புச் சல்பேற்று 0.08 கிராம். என் தராசு 0.01க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடும், 0.08இல் அது எட்டில் ஒரு பங்கு பிழை. அதனால் 0.80 கிராம் நிறுத்து 100 மில்லியில் கரைத்தேன். அந்த நீலத் தண்ணீரில் ஊசிக்குழாயால் 10 மில்லி எடுத்து நுண்சத்துப் போத்தலில் விட்டேன். அதில் 0.08 கிராம் இருக்கும், தராசின் பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. நாகச் சல்பேற்று 0.22 கிராமுக்கும் அதே வித்தை. போரிக் அமிலம் 2.86 கிராம், நேரே நிறுக்கலாம். இந்தப் போத்தலில் இருந்து பெட்டிக்குப் போவது லீற்றருக்கு 1 மில்லிதான். செம்பு கடைசியில் லீற்றருக்கு 0.02 மில்லிகிராம் வரும். செடிக்கு அவ்வளவு போதும். கூடினால் வேர் கருகும்.

பொசுபேற்றுப் பையில் 0-52-34 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 52 சதவீதம் பொசுபரசு என்று எடுக்கக்கூடாது. அது பொசுபரசு ஒட்சைட்டாகக் கணக்கிட்ட எண், உரக்காரரின் பழைய வழக்கம்; பைக்குள் அந்த ஒட்சைட்டு ஒரு துளியும் இல்லை. 0.436ஆல் பெருக்கினால் 22.7, அதுதான் பொசுபரசு. 34ஐ 0.83ஆல் பெருக்கினால் பொற்றாசியம் 28.2. சூத்திரத்தில் இருந்து நேரே கணக்கிட்டால் 22.8, 28.7. பொருந்துகிறது. ஒவ்வொரு பைக்கும் இப்படிப் பின்பக்கத்து எண்ணையும் சூத்திரத்தையும் ஒப்பிடுவது இப்போது என் வழக்கம். கல்சியப் பையில் முதலே செய்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது.

இன்னொன்று, முதல் முறை ஒரு லீற்றர் தண்ணீரை அளந்து அதற்குள் உப்பைப் போட்டேன். அதுவும் பிழை. நூறு கிராமுக்கு மேல் உப்பு விழுந்தால் கரைசல் ஒரு லீற்றரைத் தாண்டும், செறிவு குறையும். முதலில் 700 மில்லி அளவில் கரைத்து, பிறகு ஒரு லீற்றர் கோடு வரை நிரப்ப வேண்டும். பாடசாலையில் கனமானக் குடுவையோடு மாஸ்டர் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். கல்சியம் நைத்திரேற்று கரையும்போது கை சில்லிடும் அளவுக்குத் தண்ணீர் குளிரும். பழைய சூட்டுக்கு வந்த பிறகே கோட்டுக்கு நிரப்பினேன்.

பத்து நாளாகிறது. மஞ்சளான இலைகள் மஞ்சளாகவே இருக்கின்றன, அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டேன். அதற்கு மேல் வந்த ஐந்தாறு இலைகளில் மீன் முள்ளு இல்லை. இப்போது பெட்டியின் மட்டம் இறங்கினால் வெறும் தண்ணீரை விடுவதில்லை, கால் செறிவில் கலந்து விடுகிறேன். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் முழுவதையும் மாற்றுகிறேன்.

கல்சியப் பைக்கு மட்டும் வேறு வழி பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோப் பை. திறந்து நாலு நாளில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. இந்த ஊர்க் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் அதில் 108 கிராம் நிறுத்தால் எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழும்புக் காற்று என்று யார் சொல்வது? அதனால் புதுப் பையை வெட்டிய கையோடு முழுக் கிலோவையும் கரைத்துவிட்டேன். 1000ஐ 216.1ஆல் வகுத்தால் 4.63 மூல், லீற்றருக்கு அரை மூல் என்றால் 9.25 லீற்றர். வாளியில் கோடு போட அளவுச்சாடி இல்லை. சமையலறைத் தராசில் வாளியை வைத்து, 9.21 கிலோ தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு கீறி, கொட்டிவிட்டேன். பிறகு அந்தக் கோடு வரை கரைசல். ஒன்பது போத்தலும் ஒரு கால் போத்தலும் வந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்புக் கடதாசி ஒட்டி, மேலே ஒட்டுநாடா சுற்றியிருக்கிறேன், ஈரக்கைக்கு அழியாது. மகனீசியப் போத்தலுக்குப் பச்சைக் கடதாசி. அதில் மருமகன் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறான்: "மகனீசியம் சல்பேற்று, ஏழு தண்ணி, 49.29 கிராம். மாமா, ஏழு."